ஜூஜுவாடி மொட்டை மாடியும் பதினோரு பேட்டரியும்

இந்தப் பதிவை 2023 அக்டோபர்லயே எழுதியிருக்கணும். பாதி தட்டி டிராஃப்ட்ல போட்டு வெச்சேன். அப்புறம் ஷிப்டு, ஆணி, சோம்பேறித்தனம்னு அப்படியே கிடந்துச்சு. போன ஞாயித்துக்கிழமை பக்கத்துத் தெரு பையன் ஒருத்தன் வந்தான். இன்ஜினியரிங் மூணாம் வருஷம், காலேஜ் ப்ராஜெக்டுக்கு ட்ரோன் பண்றான். பேன்ட் பாக்கெட்ல கையை விட்டு, வண்டிச் சாவியோட சேர்த்து ஒரு சின்ன லிப்போ பேட்டரியை எடுத்தான். பூரி மாதிரி உப்பியிருக்கு.

"அண்ணா, இதை உப்புத் தண்ணியில போட்டா செத்துடுமாமே, நிஜமா?"

சாவியும் பேட்டரியும் ஒரே பாக்கெட்ல இருந்ததைப் பார்த்ததும் எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. முதல்ல அதை வாங்கி மாடியில மணல் சட்டியில வெச்சேன். அப்புறம்தான் பேச்சு. ரெண்டு வரியில பதில் சொல்லி அனுப்பியிருக்கலாம்தான். ஆனா 'பேட்டரியைக் காலி பண்றது'ங்கற இந்தச் சின்ன வேலைக்கு ஒவ்வொரு காலத்துல ஒவ்வொரு அர்த்தம் இருந்திருக்கு. அந்தக் கதை தெரியாம பழைய பழக்கத்தைப் புது பேட்டரி மேல காட்டி, வீட்டையே கொளுத்தப் பார்த்தவன் நான். அதனால முழுசா சொல்லிடறேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். எனக்கு விமானப் பைத்தியம் பிடிச்சது என்.சி.சி. ஏர் விங்ல. கன்ட்ரோல் லைன் மாடல்னு ஒண்ணு உண்டு. ரெண்டு கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நாம நடுவுல நிக்கணும், விமானம் நம்மளைச் சுத்தி வட்டமடிக்கும். மெத்தனால்ல விளக்கெண்ணெய் கலந்த எரிபொருள். வீட்டுக்கு வந்தா அம்மா, "விமானம் ஓட்டப் போனியா, செக்கு ஓட்டப் போனியாடா"ன்னு கேப்பாங்க. அப்போ பேட்டரின்னா ரேடியோ பெட்டிக்குள்ள இருக்கற சமாச்சாரம், அவ்வளவுதான். பேட்டரியை வெச்சு விமானம் பறக்கும்னு யாராவது சொன்னா சிரிச்சிருப்போம்.

ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே பறக்க விட்டிருக்காங்க. இங்கிலாந்துல கர்னல் டாப்ளின்ங்கறவர் 1957 ஜூன் 30ல ரேடியோ மூலமா இயக்கின மின்சார மாடல் ஒண்ணைப் பறக்க விட்டார். 'ரேடியோ க்வீன்'னு பேர், வெள்ளி-துத்தநாக பேட்டரி. ஜெர்மனியில ஃப்ரெட் மிலிட்கி இதே கிறுக்கோட வருஷக்கணக்கா உழைச்சு, 1973 அக்டோபர்ல ஆஸ்திரியாவுல மனுஷனையே ஏத்திக்கிட்டு ஒரு மின்சார விமானத்தைக் கிளப்ப வெச்சார். அதுல இருந்தது நிக்கல்-காட்மியம் பேட்டரி. நம்ம பொழுதுபோக்கு விமானக்காரங்களுக்கும் ரொம்ப வருஷம் அதேதான் கதி.

நிக்கல்-காட்மியம் 1899ல ஸ்வீடன்காரர் யுங்னர் கண்டுபிடிச்சது. கனம் ஜாஸ்தி, ஆனா அடிச்சாலும் உதைச்சாலும் தாங்கற கழுதை. அதுக்கு ஒரு வியாதி உண்டு, 'மெமரி'ம்பாங்க. ஒவ்வொரு தடவையும் பாதி மட்டும் தீர்த்துட்டு சார்ஜ் போட்டா, அந்தப் பாதிக்குக் கீழே இறங்கறப்போ வோல்டேஜ் தொய்யும். இந்த வியாதி எங்க மாதிரி ஆளுங்களுக்கு நிஜமா எவ்வளவு வந்துச்சுங்கறது வேற விஷயம், பயம் மட்டும் எல்லாருக்கும் இருந்துச்சு. அதனால சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஒரு பல்பை மாட்டி, மிச்சத்தைத் தீர்த்துட்டுத்தான் அடுத்த சார்ஜ். செல்லுக்கு ஒரு வோல்ட் வந்ததும் நிறுத்தணும்ங்கறது முறை. முறையை யார் பார்த்தா? பல்பு மங்கி அணையற வரைக்கும் விட்டுடுவோம். காலியா எடுத்து வெச்சாலும் அந்தப் பேட்டரிக்குப் பெரிய கேடில்லை.

ஆக, முதல் காலத்துல காலி பண்றதுன்னா நல்ல பழக்கம். குளிச்சுட்டுப் படுக்கற மாதிரி.

அடுத்தது லித்தியம். 1970கள்ல அமெரிக்காவுல எக்ஸான் எண்ணெய் கம்பெனியோட ஆய்வுக்கூடத்துல ஸ்டான்லி விட்டிங்காம் முதல் லித்தியம் பேட்டரிகளைச் செஞ்சார். உலோக லித்தியம் இருந்ததால அடிக்கடி தீப்பிடிக்கும். தீயணைப்புக்காரங்க வந்து வந்து சலிச்சுப்போய், லித்தியம் தீயை அணைக்கற மருந்துக்கு ஆய்வுக்கூடம்தான் காசு குடுக்கணும்னு மிரட்டினாங்களாம். 1980ல ஆக்ஸ்ஃபோர்டுல ஜான் குட்இனஃப் குழு கோபால்ட் ஆக்சைடை நேர்முனையா வெச்சுது. 1985ல ஜப்பான்ல அகிரா யோஷினோ உலோக லித்தியத்தை எடுத்துட்டு, எதிர்முனைக்குக் கரியைப் போட்டார். அடுத்த வருஷம் வெடிபொருள் சோதனை பண்ற இடத்துக்கு எடுத்துட்டுப் போய், பேட்டரி மேல இரும்புக் குண்டைப் போட்டுப் பார்த்தாங்க. உலோக லித்தியம் இருந்தது பயங்கரமா வெடிச்சுது. இது வெடிக்கலை. 1991ல சோனி கடைக்குக் கொண்டு வந்துது. நடுவுல 1989ல கனடாக்காரங்க ஒரு கம்பெனி உலோக லித்தியம் பேட்டரியை செல்போனுக்கு வித்து, ஜப்பான்ல தீப்பிடிச்சு, எல்லாத்தையும் திரும்ப வாங்கிக்க வேண்டியதாப் போச்சு.

விட்டிங்காம், குட்இனஃப், யோஷினோ மூணு பேருக்கும் 2019ல வேதியியல் நோபல். அப்போ குட்இனஃப்புக்கு 97 வயசு. ஸ்டாக்ஹோம்ல அவருக்குப் பதிலா நோபல் உரையை வாசிச்சவர் யார் தெரியுமா? நம்ம தமிழ்நாட்டு அமரபுரத்துல பிறந்து, மதுரையில படிச்சு, சென்னை ஐ.ஐ.டி.யில பி.எச்.டி. வாங்கி, டெக்சாஸ்ல பேராசிரியரா இருக்கற ஆறுமுகம் மந்திரம். 1980கள்ல இருந்தே குட்இனஃப்போட சேர்ந்து வேலை செஞ்சவர். அன்னிக்கு அந்த வீடியோவைப் பார்த்துட்டு நான் வீட்டுல பண்ணின அலம்பல் கொஞ்சநஞ்சமில்ல :-)

லிப்போவுல 'பாலிமர்'ங்கறது கொஞ்சம் விளம்பரப் பேர். திட பாலிமரை மின்பகுபொருளா வைக்கலாம்ங்கற யோசனை 1970களோட கடைசியில வந்துது. ஆனா நாம வாங்கற பேக்ல இருக்கறது ஜெல்லும் திரவமும்தான். இரும்பு டப்பாவுக்குப் பதிலா அலுமினியத் தாள் பை. டப்பா இல்லாததால கனம் குறைவு, விமானத்துக்குப் பிரமாதம். அதே காரணத்தால உள்ளே வாயு உண்டானா பை அப்படியே உப்பும். 2000களோட தொடக்கத்துல இது மாடல் விமானத்துக்கு வந்ததும், எரிபொருள் என்ஜின்காரங்களை எல்லாம் மின்சாரத்துக்கு இழுத்துடுச்சு.

அந்த ஆரம்ப வருஷங்கள்ல உலகம் பூரா கராஜ்களும் கார்களும் எரிஞ்சுது. காரணம் ரொம்ப எளிமையானது. நிக்கல் பேட்டரி நிறைஞ்சதும் அதோட வோல்டேஜ் லேசா இறங்கும். பழைய சார்ஜர் அந்த இறக்கத்தைப் பார்த்துத்தான் நிறுத்தும். லித்தியம் நிறைஞ்சாலும் இறங்காது. சார்ஜர் காத்துக்கிட்டே, ஏத்திக்கிட்டே இருக்கும். 4.2 வோல்ட்ல நிக்க வேண்டிய செல் அதையும் தாண்டிப் போகும். அப்புறம் தீதான்.

நான் பண்ணினது இதோட தலைகீழ் தப்பு. 2008. பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் போய் என் முதல் 3 செல் பேக்கை வாங்கிட்டு, அத்திப்பள்ளி வரைக்கும் ஒரு பஸ், அங்கேருந்து ஒரு பஸ்னு மடியில குழந்தை மாதிரி வெச்சுக்கிட்டு ஜூஜுவாடிக்கு வந்தேன். ரெண்டு வாரம் பறக்க விட்டேன். ஒருநாள் நல்ல பிள்ளையா, பழைய பழக்கத்துல, ராத்திரி பல்பை மாட்டிட்டுத் தூங்கிட்டேன். காலையில சார்ஜர் 'வோல்டேஜ் குறைவு'ன்னு சார்ஜ் பண்ண மறுத்துடுச்சு. அது சொன்னதைக் கேட்டிருக்கணும். நான் புத்திசாலி ஆச்சே! நிக்கல் மோடுல போட்டு ரெண்டு நிமிஷம் ஏத்தி வோல்டேஜை மேலே கொண்டு வந்து, அப்புறம் லித்தியம் மோடுக்கு மாத்தினேன். சார்ஜர் ஏமாந்துடுச்சு.

இருபது நிமிஷம் கழிச்சு 'உஸ்ஸ்ஸ்'னு ஒரு சத்தம். குக்கர்னு நினைச்சேன். வெள்ளைப் புகை, இனிப்பா ஒரு நாத்தம், அடுத்த நொடி ரெண்டடிக்கு ஜ்வாலை. பக்கத்து ரூம்ல என் பொண்ணு தொட்டில்ல தூங்கிட்டிருந்தா. என் வீட்டுக்காரம்மா அவளைத் தூக்கிக்கிட்டு வெளியே ஓடினதும், நான் மெயினை அணைச்சுட்டு பக்கெட் தண்ணியைக் கொட்டினதும் ஞாபகம் இருக்கு. மேஜை போச்சு. சுவர்ல அந்தக் கறையைச் சுண்ணாம்பு அடிச்சு மறைச்சாங்க. ஆனா அன்னிக்கு அவங்க என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறையலை.

ஏன் எரிஞ்சுதுன்னு பிறகுதான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். செல்லோட எதிர்முனையில ஒரு செம்புத் தகடு இருக்கு. செல்லை ரொம்பக் கீழே இறக்கினா அந்தச் செம்பு கரைய ஆரம்பிக்கும். திரும்ப சார்ஜ் போடறப்போ கரைஞ்ச செம்பு கண்ட இடத்துல படியும். ரெண்டு முனைக்கும் நடுவுல இருக்கற மெல்லிய சவ்வைத் தாண்டிடுச்சுன்னா உள்ளேயே ஷார்ட். அதனாலதான் பறக்க விடற பேக்கை செல்லுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே விடவே கூடாது. 3.5 வந்ததும் இறக்கிடறது உத்தமம். நிறைய சார்ஜோட வாரக்கணக்கா வெச்சிருந்தாலும் கெடுதல். உச்ச வோல்டேஜ்ல உள்ளே இருக்கற திரவம் சிதைஞ்சு வாயுவாகும், வெயில் சேர்ந்தா இன்னும் வேகமா. எடுத்து வைக்கறதா இருந்தா செல்லுக்கு 3.8 வோல்ட், ஏறக்குறைய பாதி.

இது ரெண்டாவது காலம். இங்கே காலி பண்றதுன்னா பாதி வரைக்கும் மட்டும்.

பாதியில எவ்வளவு இருக்குன்னு ஒரு கணக்கு. 3 செல், 2200 மில்லி ஆம்பியர் ஹவர் பேக்ல நிறைஞ்சப்போ சுமார் 24 வாட் ஹவர், அதாவது 88 ஆயிரம் ஜூல். 60 கிலோ ஆளை 150 மீட்டர் உயரத்துக்குத் தூக்கற சக்தி. உள்ளங்கை அளவு பைக்குள்ள. தீப்பிடிச்சா அந்தத் திரவமும் சேர்ந்து எரியறது தனி.

இந்தக் கணக்கை விமானக் கம்பெனிகளும் உயிரைக் குடுத்துத்தான் கத்துக்கிட்டாங்க. 2010 செப்டம்பர் 3ல துபாய்ல சரக்கு விமானம் ஒண்ணு, உள்ளே லித்தியம் பேட்டரி இருந்த சரக்குல தீப்பிடிச்சு விழுந்து ரெண்டு விமானிகளும் இறந்துட்டாங்க. 2016 ஏப்ரல் 1லேருந்து தனியா அனுப்பற லித்தியம் அயான் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்துல சரக்கா ஏத்தக்கூடாதுன்னு உலக விதி வந்துது. சரக்கு விமானத்துலயும் 30 சதவீதத்துக்கு மேல சார்ஜ் இருக்கக் கூடாது. சார்ஜ் குறைஞ்சா தீயோட வேகமும் குறையும்ங்கறதுதான் காரணம்.

நம்ம எல்லைக்கே வருவோம். ஜூஜுவாடின்னா நிறைய பேருக்கு செக்போஸ்ட்தான் ஞாபகம் வரும். 2017ல ஜி.எஸ்.டி. வர்ற வரைக்கும் வணிகவரிக்கு லாரிங்க வரிசை கட்டி நிக்கும். 1970கள்ல சிப்காட் வந்து கேப்பை விளைஞ்ச மண்ணுல தொழிற்சாலை விளைஞ்சுது. பேளகொண்டப்பள்ளியில 1990கள்லயே தனேஜா கம்பெனி இத்தாலி உரிமத்துல ஆறு பேர் போற ரெட்டை என்ஜின் விமானம் செஞ்சாங்க. இப்போ இந்தப் பக்கமே பேட்டரி சீமை ஆயிடுச்சு. ஓசூர்ல டி.வி.எஸ்., ஏத்தர் ரெண்டும் மின்சார ஸ்கூட்டர் பண்றாங்க. போச்சம்பள்ளி பக்கம் ஓலா ஆலை. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுத்து உருவானது, 2018 ஜூன்ல தன்னோட லித்தியம் செல் நுட்பத்தை ஒரு தனியார் கம்பெனிக்குக் குடுக்க ஒப்பந்தம் போட்டப்போ, ஆலை வரப்போற இடம்னு சொன்னதும் நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்தைத்தான்.

ஸ்கூட்டர்ல இருக்கறது என் பேக் மாதிரி நூறு மடங்கு. 2022 மார்ச்ல வேலூர்ல ராத்திரி வீட்டுல சார்ஜ் போட்ட ஸ்கூட்டர் எரிஞ்சு, புகையில மூச்சுத் திணறி ஒரு அப்பாவும் பொண்ணும் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. அந்த வருஷக் கோடைத் தீவிபத்துகளுக்கு அப்புறம்தான் அரசாங்கம் மின்வாகன பேட்டரிக்கான விதிகளை இறுக்கி, 2022 டிசம்பர், 2023 மார்ச்னு ரெண்டு கட்டமா கொண்டு வந்துது. அதைப் படிச்சப்போ எனக்கு 2008ம் அந்தத் தொட்டிலும்தான் ஞாபகம் வந்துது.

அப்படியும் புத்தி வந்துதா? இல்லை.

2023 அக்டோபர் 7, சனிக்கிழமை மத்தியானம். அத்திப்பள்ளி பட்டாசுக் கடையில தீ. எங்க வீட்டுலேருந்தே புகை தெரிஞ்சுது. பதினாலு பேருக்கு மேல இறந்துட்டாங்க. பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பசங்க, தீபாவளி சீசனுக்கு வேலைக்கு வந்தவங்க. படிப்புச் செலவுக்குன்னு வந்தவங்களும் உண்டு. அந்தத் தீக்கும் லித்தியத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனா அன்னிக்கு ராத்திரி வீட்டுல யாருக்கும் சாப்பாடு இறங்கலை. என் பொண்ணு, அதே தொட்டில் பொண்ணு, இப்போ பதினாறு வயசு, மெதுவா கேட்டா: "அப்பா, நம்ம பட்டாசு டப்பா எங்கே இருக்கு?"

பரண்ல. போன வருஷ மிச்சம். அது மேலே ஒரு பழைய ஷூ டப்பா. அதுக்குள்ள என் பழைய லிப்போ பேக்குகள், பதினோண்ணு. மேலே கல்நார் கூரை.

மறுநாள் முழுக்க மொட்டை மாடியிலதான். என்ன பண்ணினேன்னு வரிசையா சொல்றேன்.

முதல்ல பட்டாசைத் தனியா இறக்கினேன். அப்புறம் பேக்குகளை ஒண்ணொண்ணா மண் சட்டியில, காஞ்ச மணல் மேல. சின்டெக்ஸ் டேங்க், துணிக்கொடி எல்லாத்துலேருந்தும் தள்ளி. பக்கத்துல ரெண்டு பக்கெட் தண்ணி. லித்தியம்னா தண்ணி ஊத்தக்கூடாதும்பாங்க, அது உலோக லித்தியத்துக்கு. நம்ம பேக் எரிஞ்சா சூட்டை இறக்கறது தண்ணிதான். மணல் தீயைப் பரவாம வைக்கும், சூட்டைத் தணிக்காது. புகையில ஹைட்ரஜன் ஃப்ளோரைடு இருக்கும், அதனால காத்து வர்ற பக்கமா நிக்கணும், வீட்டுக்குள்ள இந்த வேலை கூடவே கூடாது.

செல் செக்கரை மாட்டிப் பார்த்தேன். மூணு பேக் நல்லா இருந்துது, செல்லெல்லாம் சமமா. அதுங்களை 3.8க்குக் கொண்டு வந்து தனியா எடுத்து வெச்சேன். மிச்சம் எட்டும் உப்பினது, இல்லைன்னா ஒரு செல் படுத்தது. சாகவேண்டியவை.

காலி பண்ண சார்ஜரையே நம்பினா பொழுது போயிடும். சின்ன சார்ஜர் அஞ்சு வாட்லதான் இறக்கும், நிறைஞ்ச பேக்குக்கு அஞ்சு மணி நேரம். அதனால மெக்கானிக் கடையில பைக்கோட பிரேக் லைட் பல்பு வாங்கினேன். 12 வோல்ட், 21 வாட் இழை. பேக்குக்குப் பொருந்தற கனெக்டரைப் பல்புல சால்டர் பண்ணிக்கிட்டேன். வெறும் ஒயரைச் சொருகற வேலையே கிடையாது. 3 செல் பேக்குக்கு ஒரு பல்பு போதும், ஒண்ணேமுக்கால் ஆம்பியர் இழுக்கும். 2200 பேக் நிறைஞ்சிருந்தா ஒண்ணேகால் மணி நேரத்துல மங்கும். 4 செல்லுக்கும் 6 செல்லுக்கும் ரெண்டு பல்பைத் தொடரா போடணும். பல்பு சுடும், பேக் மேலயே படக்கூடாது. ஒரு நேரத்துல ஒரு பேக். நாம பக்கத்துலயே இருக்கணும். ஓட்டை விழுந்தது, சூடா இருக்கறது, வாசம் வர்றதுன்னா எதையும் மாட்டாதீங்க. வெளியில மணல்ல வெச்சுட்டுத் தள்ளி நில்லுங்க.

கடைசியா இருந்த பேக் மேல என் கையெழுத்துல '2014'ன்னு இருந்துது. ஒன்பது வருஷம் தொடாதது. செத்திருக்கும்னு நினைச்சு மாட்டினேன். பல்பு பளிச்னு எரிஞ்சுது. பொண்ணு பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டிருந்தா. ஒண்ணும் சொல்லலை. ஒன்பது தீபாவளி, அந்தப் பல்பு எரியற அளவுக்கு உயிரோட அது பட்டாசுக்குப் பக்கத்துல படுத்திருந்துது.

மங்கி அணைஞ்சதும் வேலை முடியலை. பல்பைக் கழட்டினா வோல்டேஜ் மெல்ல மேலே ஏறும். அதனால இருட்டினப்புறமும் பல்போடவே வெளியில மணல் சட்டியில விட்டேன். மறுநாள் கழட்டி, சில மணி நேரம் கழிச்சு அளந்தேன். ஏறியிருந்தா திரும்ப மாட்டினேன். பூஜ்யத்துகிட்டயே நின்னப்புறம்தான் முனைகளை டேப் சுத்தி, 'காலி, சார்ஜ் போடாதே'ன்னு எழுதினேன். ஒரு பேக்ல வோல்டேஜ் காட்டுது, பல்பு எரியலை. ஒரு செல் அறுந்திருக்குன்னு அர்த்தம், காலின்னு அர்த்தமில்லை. அதை பேலன்ஸ் ஒயர் வழியா செல் செல்லா, சின்ன லோடு வெச்சு இறக்கினேன்.

இது மூணாவது காலம். இங்கே காலி பண்றதுன்னா அடக்கம் பண்றது. ஒருதடவை பூஜ்யத்துக்குப் போனதை மறுபடி எழுப்பவே கூடாது.

அப்போ அந்தப் பையன் கேட்ட உப்புத் தண்ணி? ஒரு காலத்துல எல்லாரும் சொன்ன வழிதான். உப்புத் தண்ணியில மின்சாரம் பாயறப்போ பேட்டரியோட முனையே அரிச்சுப் போகும். முனை அறுந்ததும் பாய்ச்சல் நின்னுடும். வெளியே பார்த்தா செத்த மாதிரி, உள்ளே பாதி உயிரோட. கூடவே ஹைட்ரஜனும் குளோரினும் குமிழ் குமிழா வரும். ஒயர் நல்லா இருக்கற பேக்குக்குப் பல்பு இருக்கறப்போ இது எதுக்கு?

பூஜ்யத்துக்கு வந்தாலும் உள்ளே எரியற திரவம் இருக்கு, குப்பைத் தொட்டியில போடாதீங்க. 2001 விதி ஈய பேட்டரியை மட்டும்தான் பேசுச்சு. 2022 ஆகஸ்டுல வந்த பேட்டரிக் கழிவு விதிகள் லித்தியத்தையும் சேர்த்து, திரும்ப வாங்கற பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில வெச்சிருக்கு. நான் எட்டையும் ஒரு பெயின்ட் டப்பாவுல மணல் போட்டு வெச்சு, அங்கீகாரம் உள்ள மின்கழிவுக்காரங்ககிட்ட குடுத்துட்டு வந்தேன்.

பையனோட பேக் ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சுது. சின்னப் பேக், சின்ன பல்பு. அது மங்கறதைப் பார்த்துக்கிட்டே ரெண்டு பேரும் டீ குடிச்சோம். போறப்போ அவனுக்கு சால்டர் பண்ணின பல்பு ஒண்ணும், மண் சட்டி ஒண்ணும் குடுத்தேன். "சட்டியை வெச்சுக்கிட்டு பஸ்ல எப்படிண்ணா போறது"ன்னு நெளிஞ்சான். பாக்கெட்ல பேட்டரியோட வந்தப்போ வராத வெட்கம் சட்டிக்கு மட்டும் எதுக்குன்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே எடுத்துட்டுப் போனான்.

உங்க வீட்டுப் பரண்லயும் ஒரு ஷூ டப்பா இருக்கும். பழைய செல்போனோ, பவர் பேங்க்கோ, பையன் விட்ட ட்ரோனோ. இன்னிக்கே ஏறிப் பாருங்க. உப்பியிருந்தா அமுக்கிப் பார்க்காதீங்க.